கப்பல் ஏறும் முன் கற்க வேண்டியவை
ஏற்றுமதி மேலாளராக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு பாடம்





நம் டிரஸ்டிடம் கல்வி உதவி பெறும் பிள்ளைகளில் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர் ஆக வேண்டும் என்பது அவர்களில் பலருடைய ஆசை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் கடல் கடந்து போகிற பகுதியில் பிறந்த பிள்ளைகளுக்கு இது இயல்பான ஆசைதான். ஆனால் பட்டத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போகும் பிள்ளை பெரும்பாலும் பில் அடிக்கும் மேஜையிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறது. பாடப் புத்தகத்தில் வியாபாரக் கோட்பாடு இருக்கிறது. ஓர் ஆர்டரைக் கையில் எடுத்து முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோகும் பழக்கம் அதில் இல்லை.

"இங்கிலீஷ் சரளமாக வந்தால் போதும்" என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. இங்கிலீஷ் வேண்டும்தான். ஆனால் அது கதவு மட்டுமே. உள்ளே செய்ய வேண்டிய வேலை வேறு.

உள்ளூர்க் கடையில் வாங்குபவர் எதிரே நிற்கிறார். சரக்கைத் தொட்டுப் பார்க்கிறார், நம் முகத்தைப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார். தவறு என்றால் மறுநாள் வந்து மாற்றிக்கொள்கிறார். கடல் கடந்த வியாபாரத்தில் இவை ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பவரின் கையில் மூன்று பொருள்கள்தான் உள்ளன: நாம் எழுதியது, நாம் சொன்ன தேதி, நாம் அனுப்பிய காகிதம். இந்த மூன்றையும் பிசகாமல் வைத்துக்கொள்வதே சர்வதேச வியாபார மேலாளரின் திறமை. இதில் ஒரு வரி தவறினால் முதலாளியின் லாபம் மட்டும் போவதில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்களின் கூலியும் தள்ளிப்போகிறது. ஆகவே இது ஓர் அமானிதம்.

பாடம் எளிதாகப் புரிய, ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி ஒருவர் 3,000 ஜோடி ஆண்கள் தோல் ஷூ கேட்கிறார். கீழே வரும் விலைகளும் நாட்களும் பாடத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. விதிகள் நடைமுறையில் உள்ளவை.

பாடம் 1: ஆர்டரைக் கேள்வி கேட்டுப் படிப்பது

ஆர்டர் மெயில் வந்தவுடன் "நன்றி, ஏற்றுக்கொள்கிறோம்" என்று பதில் போடுவது எளிது. நல்ல மேலாளர் முதலில் ஒரு பென்சிலை எடுத்து, எழுதாமல் விட்டது எது என்று தேடுவார்.

அளவைப் பாருங்கள். ஐரோப்பிய ஷூ அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இங்கிலாந்து அளவில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணைகள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். "சைஸ் 42" என்று எழுதியிருந்தால் எந்த அட்டவணைப்படி என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

நிறத்தைப் பாருங்கள். "பிரவுன்" என்ற சொல்லுக்குள் நூறு நிறம் உண்டு. தோல் துண்டில் கையெழுத்து வாங்கி இரு பக்கமும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் பெற்ற சாம்பிள் ஷூவையும் அப்படியே முத்திரையிட்டு அலமாரியில் வைக்க வேண்டும். பிறகு சண்டை வந்தால் அந்த ஒற்றை ஷூதான் சாட்சி.

அடுத்து, சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படும் தோல் பொருளில் குரோமியம் ஆறு என்ற நச்சு வடிவம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. 2015 மே 1 முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. நம் டேனரிகளில் பயன்படும் குரோமியம் மூன்றாம் வகை. அதில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பதனிட்ட முறை சரியில்லை என்றாலோ, வெப்பத்திலும் வெளிச்சத்திலும் நாள்பட்டுக் கிடந்தாலோ அதில் ஒரு பகுதி ஆறாம் வகையாக மாறக்கூடும். மேலாளர் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. "இந்தத் தோலுக்குச் சோதனை அறிக்கை உண்டா? எந்தத் தேதியது? எந்த லாட்டுக்கு எடுத்தது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நம் பகுதித் தொழிலுக்குப் பெரிய துணை. அதன் பெயரைக்கூட அறியாமல் நம் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிடக் கூடாது.

கடைசியாகச் சரக்கின் எண். உலகம் முழுவதும் சுங்கத்துறைகள் பொருள்களை எண்ணால் அடையாளம் காண்கின்றன. முதல் ஆறு இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. இந்தியாவில் எட்டு இலக்கமாக எழுதுகிறோம். மேல்பகுதி தோலால் ஆன ஷூ 6403 என்ற தலைப்பில் வரும். ஷூவாக முடிக்காமல் அப்பர் மட்டும் அனுப்பினால் அது 6406. எண் மாறினால் வரி மாறும். வரி மாறினால் விலை மாறும்.

பாடம் 2: விலையை அடுக்கிக் கட்டுவது

ஒரு ஜோடிக்கு நம் செலவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோல், சோல், லைனிங் முதலிய சாமான்கள் 850 ரூபாய். கூலி 300. மின்சாரம், வாடகை, நிர்வாகம் 150. பேக்கிங் 60. லாபம் 140. மொத்தம் 1,500 ரூபாய். இது தொழிற்சாலை வாசலில் வைத்த விலை.

லாரி வாடகை, கஸ்டம்ஸ் புரோக்கர், சென்னைத் துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்து 36,000 ரூபாய் என்றால் 3,000 ஜோடிக்குப் பங்கிட ஜோடிக்கு 12. ஆக 1,512 ரூபாய். இது சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை, எஃப்.ஓ.பி. என்பார்கள். ஹாம்பர்க் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்சும் 1,95,000 ரூபாய் என்றால் ஜோடிக்கு இன்னும் 65. ஆக 1,577 ரூபாய். இது சி.ஐ.எஃப். விலை.

இப்போது பாருங்கள். 1,512 ரூபாய் என்று கணக்குப் போட்டுவிட்டு மெயிலில் "சி.ஐ.எஃப். ஹாம்பர்க்" என்று மூன்றெழுத்தை மாற்றி எழுதினால் 1,95,000 ரூபாய் நம் தலையில் விழும். முழு ஆர்டரின் லாபமே 4,20,000 ரூபாய்தான். கிட்டத்தட்டப் பாதி லாபம் மூன்றெழுத்தில் போய்விட்டது!

இந்த மூன்றெழுத்துச் சொற்களுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். பாரிசில் உள்ள சர்வதேச வணிகச் சபை 1936 இல் முதலில் இவற்றை வெளியிட்டது. (இதையும் ஐ.சி.சி. என்பார்கள், நம் பிள்ளைகள் அறிந்த கிரிக்கெட் ஐ.சி.சி. வேறு!) 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. எந்த இடம் வரை செலவு யாருடையது, எந்த இடத்தில் பொறுப்பு கை மாறுகிறது என்பதை ஒவ்வொன்றும் சொல்கிறது.

இதில் படித்தவர்களும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சி.ஐ.எஃப். என்றால் ஹாம்பர்க் வரை சரக்கு நம் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். செலவுதான் ஹாம்பர்க் வரை நம்முடையது. சேதத்துக்கான பொறுப்பு சென்னையில் சரக்கு கப்பலில் ஏறியவுடனே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. இன்னொன்று: கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமில்லை, எஃப்.சி.ஏ. போன்ற விதியைப் பயன்படுத்துங்கள் என்று அந்தச் சபையே சொல்கிறது. ஏனென்றால் கன்டெய்னரை நாம் துறைமுக யார்டில் ஒப்படைக்கிறோம். அது கப்பலில் ஏறுவது பிறகு. இடையில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்ற சண்டை வரக்கூடும். பழக்கத்தில் எல்லாரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள். நீங்கள் எழுதும்போது விவரம் தெரிந்து எழுதுங்கள்.

பாடம் 3: காகிதத்தைச் சரக்கைப்போல் மதிப்பது

திருக்குர்ஆனின் ஆக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நம்மில் பலரும் அறிவோம். அறிந்தும் "நமக்குள் என்ன எழுத்து" என்று விடுவது நம் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு வியாபாரத்தில் அந்த வழக்கம் செல்லாது.

நம் ஆர்டருக்கு எல்.சி. மூலம் பணம் வருவதாக வைத்துக்கொள்வோம். எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி: "இன்னின்ன காகிதங்களை இன்ன தேதிக்குள் சரியாகக் கொடுத்தால் பணம் தருகிறோம்." இதற்கு உலக வங்கிகள் பின்பற்றும் விதித் தொகுப்பு யு.சி.பி. 600. இது 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் அடிப்படை ஒரே விஷயம்: வங்கி காகிதத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. ஷூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் பிசகினால் வங்கி மறுக்கலாம்.

ஓர் உதாரணம். எல்.சி.யில் 3,000 ஜோடி என்று இருக்கிறது. பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்றும் இருக்கிறது. பேக்கிங் நேரத்தில் 20 ஜோடியில் குறை தெரிந்து எடுத்துவிட்டோம். 2,980 ஜோடி அனுப்பினோம். நேர்மையான செயல்தான். ஆனால் வங்கிக் கண்ணில் இது பிசகு. எடை, நீளம் போன்ற அளவுகளில் சொல்லும் சரக்குக்கு 5 சதவீதம் கூடக்குறைய இருக்க விதி இடம் தருகிறது. எண்ணிச் சொல்லும் சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை. எல்.சி. திறக்கும்போதே அளவுக்கு முன்னால் "சுமார்" என்று பொருள்படும் சொல்லைச் சேர்க்கச் சொல்லியிருந்தால் 10 சதவீதம் கூடக்குறைய அனுப்ப இடம் கிடைத்திருக்கும். ஒரு சொல்லை எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் மேலாளரின் திறமை.

நாள் கணக்கும் உண்டு. எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பல் ஏறிய தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் காகிதங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். அதுவும் எல்.சி.யின் காலாவதித் தேதிக்குள் இருக்க வேண்டும். வங்கிக்குப் பரிசீலிக்க அதிகபட்சம் ஐந்து வேலை நாட்கள். பிசகு இருந்து வங்கி மறுத்தால், சரக்கு ஹாம்பர்க் துறைமுகத்தில் நின்று வாடகை ஏறிக்கொண்டிருக்கும். வாங்குபவர் அப்போதுதான் "விலையைக் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். நமக்குப் பேச வாய் இருக்காது.

புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஷிப்பிங் பில் என்பது நாம் இந்தியச் சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்வது. பில் ஆஃப் லேடிங் என்பது கப்பல் கம்பெனி நமக்குத் தருவது. இரண்டாவதை வெறும் ரசீது என்று எண்ணாதீர்கள். வழக்கமாக மூன்று அசல் பிரதிகள் தருவார்கள். "ஆர்டர்" பெயரில் எழுதியிருந்தால் அசலை முறைப்படி வைத்திருப்பவருக்கே சரக்கு. பணம் வருமுன் அசலை வாங்குபவருக்கு நேராகக் கூரியரில் அனுப்பினால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வாடகைக்குக் காத்திருப்பதுபோல் ஆகும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எந்த நாட்டுப் பொருள் என்ற சான்று, இன்சூரன்ஸ் ஆகிய ஐந்தையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துப் பெயர், எண்ணிக்கை, எடை, அட்டைப்பெட்டிக் குறி, துறைமுகப் பெயர் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் தவறு தன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாடம் 4: நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுவது

சரக்கு ஆகஸ்ட் 20 அன்று ஹாம்பர்க் கிடங்கில் இருக்க வேண்டும் என்கிறார் வாங்குபவர். அனுபவமில்லாதவர் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுவார். மேலாளர் ஆகஸ்ட் 20 இலிருந்து பின்னோக்கி எண்ணுவார்.

அங்கே துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போக 5 நாள்: ஆகஸ்ட் 15.
கடல் பயணம் 40 நாள்: ஜூலை 6.
சென்னைத் துறைமுக வேலை 4 நாள்: ஜூலை 2.
பேக்கிங்கும் பரிசோதனையும் 7 நாள்: ஜூன் 25.
கட்டிங், தையல், சோல் ஒட்டுதல் 25 நாள்: மே 31.
தோலும் சோலும் வந்து சோதனை முடிய 20 நாள்: மே 11.
சாம்பிள் ஒப்புதல் 15 நாள்: ஏப்ரல் 26.

ஆக, ஏப்ரல் 26 அன்று சாம்பிள் வேலை தொடங்க வேண்டும். அதற்குமேல் தாமதமானால் ஒப்புக்கொள்ளும்போதே பொய்த் தேதி சொல்கிறோம் என்று பொருள்.

கடல் பயணத்துக்கு ஏன் 40 நாள்? 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பல கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதனால் ஐரோப்பியப் பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. அதற்கு முன் 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் வழியை அடைத்தது. கப்பல் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வோர் ஆர்டருக்கும் கேட்க வேண்டும். போன வருடக் கணக்கு இந்த வருடம் உதவாது.

பண்டிகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே ரமலானும் இரு பெருநாளும் ஒவ்வொரு வருடமும் முன்னே நகர்ந்து வரும். நமக்குப் பெருநாள் விடுமுறை, தொழிலாளர்களுக்குப் பொங்கல் விடுமுறை, சீனாவிலிருந்து சாமான் வாங்கினால் அவர்களின் புத்தாண்டு விடுமுறை. இவற்றில் எதையும் கடைசி நேரத்தில் "மறந்துவிட்டோம்" என்று சொல்ல முடியாது. வார விடுமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள் வேலை. சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. வளைகுடா முழுவதும் ஒரே மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது.

பாடம் 5: பணம் கைக்கு வரும் வரை காப்பது

ஒரு யூரோ 90 ரூபாய் என்று வைத்து நம் 1,512 ரூபாயை 16.80 யூரோ என்று சொன்னோம். மொத்தம் 50,400 யூரோ. பணம் வரும் நாளில் யூரோ 87 ரூபாய் ஆகிவிட்டால் 1,51,200 ரூபாய் குறையும். ஷூவில் ஒரு தையல்கூடத் தப்பவில்லை, ஆனாலும் நஷ்டம்.

இதற்கு வங்கியில் முன்கூட்டியே நாணய விலையைப் பேசிவைக்கும் ஒப்பந்தம் உண்டு. அதன் மார்க்கச் சட்ட நிலை பற்றி ஆலிம்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். வங்கியில் பில்லைக் கொடுத்து முன்பணம் வாங்குவதிலும் வட்டிப் பிரச்சினை உண்டு; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு வழிகளும் இருக்கின்றன. இறக்குமதி செய்யும் கெமிக்கலையும் சோலையும் யூரோவிலேயே வாங்கினால் வரவில் குறைவது செலவிலும் ஓரளவு குறையும். நாணய விலை இத்தனை சதவீதத்துக்குமேல் மாறினால் விலையை மீண்டும் பேசுவோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

வாங்குபவர் திவாலானால் என்ன செய்வது? 1957 இல் தொடங்கிய, மத்திய அரசுக்குச் சொந்தமான இ.சி.ஜி.சி. நிறுவனம் பணம் வராமல் போகும் ஆபத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. புது வாங்குபவர் வரும்போது அங்கே விசாரிப்பது நல்ல பழக்கம்.

ஒரே நாட்டை நம்பியிருப்பதும் ஆபத்து. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தபோது, அந்த ஒரு சந்தைக்கு மட்டும் விலை போட்டிருந்தவர்களின் கணக்கெல்லாம் ஒரே நாளில் புரண்டது. மேலாளர் தன் நோட்டில் எழுதி வைக்க வேண்டிய கேள்வி: "நம் ஆர்டரில் பாதிக்குமேல் ஒருவரிடமிருந்தே வருகிறதா?"

இன்னுமோர் எச்சரிக்கை. வாங்குபவருக்கும் நமக்கும் இடையில் மெயிலைத் திருடிப் படிப்பவர்கள், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்" என்று நம் பெயரிலேயே எழுதுவார்கள். பணம் போனபின் மீட்பது மிகக் கடினம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம். பழைய எண்ணுக்குப் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று முதல் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாடம் 6: கெட்ட செய்தியை முதலில் சொல்வது

நம் பண்பாட்டில் எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்று "பார்க்கிறோம்", "இன்ஷா அல்லாஹ் ஆகிவிடும்" என்கிறோம். இன்ஷா அல்லாஹ் என்பது முழு முயற்சியோடு அல்லாஹ்வைச் சார்ந்து சொல்லும் சொல். தாமதத்தை மறைக்க அதைத் திரையாக்குவது சரியல்ல. தூரத்தில் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. அவர் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்.

சோல் வர ஒரு வாரம் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மெயில் இப்படி இருக்கலாம்:

"மே 31 க்குள் வர வேண்டிய சோலில் ஒரு பகுதி ஜூன் 7 அன்றுதான் வரும். 2,000 ஜோடிக்குச் சோல் கையில் உள்ளது. அவற்றை ஜூலை 6 கப்பலிலும் மீதி 1,000 ஜோடியை ஜூலை 13 கப்பலிலும் அனுப்பலாம். அல்லது மொத்தத்தையும் ஜூலை 13 அன்று அனுப்பலாம். எது உங்களுக்கு வசதி என்று வியாழக்கிழமைக்குள் சொன்னால் அதற்கேற்ப எல்.சி.யில் திருத்தம் கேட்கிறோம்."

என்ன நடந்தது, எவ்வளவு பாதிப்பு, என்ன வழி, எப்போது பதில் வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. சாக்கு இல்லை, புலம்பல் இல்லை. இதை மே மாதத்தில் எழுதினால் நம்மை நம்பத் தகுந்தவர் என்பார்கள். ஜூலையில் எழுதினால் அடுத்த ஆர்டர் வராது.

ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும் என்பதும் உண்மை. ஜெர்மானியர் பலர் சுருக்கமாக, நேராக எழுதுவார்கள். அதைக் கோபம் என்று எண்ண வேண்டாம். ஜப்பானியர் "ஹை" என்று சொன்னால் "நீங்கள் சொன்னது கேட்டது" என்ற அளவில் இருக்கலாம்; சம்மதம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரபு வியாபாரிகள் பலர் நலம் விசாரித்து, போனில் பேசிப் பழகியபின் வியாபாரத்துக்கு வருவார்கள். யாரிடம் எப்படிப் பேசினாலும் பேச்சு முடிந்த அன்றே "இன்று பேசி முடிவானது இவை" என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும்.

நேரத்தையும் மனத்தில் வையுங்கள். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தால் அவர்களின் அலுவலகம் அப்போதுதான் திறக்கிறது.

வீட்டிலேயே செய்யும் ஆறு மாதப் பயிற்சி

இவ்வளவும் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் கற்க முடியும் என்றில்லை. ஒரு நோட்டும் போனும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்.

முதல் மாதம்: நம் பகுதியில் உண்டாகும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஷூ, பெல்ட், கையுறை, பீடி இலை தட்டு, எதுவானாலும் சரி. அதன் சுங்க எண்ணைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

இரண்டாம் மாதம்: தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினரிடம் கேட்டு அதன் விலையை அடுக்கடுக்காகக் கட்டுங்கள். வாசல் விலை, துறைமுக விலை, வெளிநாட்டு விலை மூன்றையும் ரூபாயிலும் யூரோவிலும் போடுங்கள்.

மூன்றாம் மாதம்: அந்தப் பொருளுக்கு இன்வாய்சும் பேக்கிங் லிஸ்டும் நீங்களே தயாரியுங்கள். 12 ஜோடி கொண்ட அட்டைப்பெட்டி ஒன்றுக்கு 0.1 கன மீட்டர் இடம் என்றால் 3,000 ஜோடிக்கு 250 பெட்டி, 25 கன மீட்டர். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். அடங்குமா என்று இப்படிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

நான்காம் மாதம்: இன்கோடெர்ம்ஸ் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் செலவு எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே மாறுகிறது என்று கோடு போடுங்கள்.

ஐந்தாம் மாதம்: வாரம் இரண்டு வியாபார மெயில் எழுதுங்கள். ஒன்று விலை சொல்வது, ஒன்று கெட்ட செய்தி சொல்வது. ஆறு வரிக்குமேல் போகக் கூடாது. இங்கிலீஷ் டீச்சர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

ஆறாம் மாதம்: இறக்குமதி ஏற்றுமதி எண் வாங்கும் முறையை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் படியுங்கள். அந்த எண் இப்போது பான் எண்ணே. புதிதாக ஏற்றுமதியில் இறங்குவோருக்கு வழிகாட்ட அந்த இயக்குநரகம் நடத்தும் நிர்யாத் பந்து திட்டத்தையும் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காகிதம் சரிபார்ப்பது, விலை கட்டுவது, நாட்காட்டி வைப்பது, மெயில் எழுதுவது ஆகிய வேலைகளில் ஊர் ஊராக அலைய வேண்டிய அவசியம் குறைவு. பொறுமையும் கவனமும்தான் முதல். நம் பெண் பிள்ளைகள் தேர்வில் காட்டும் கவனத்தை இந்த வேலையிலும் காட்ட முடியும். "கல்யாணம் வரை படிக்கட்டும்" என்று மட்டும் நினைத்து பி.காம். சேர்த்துவிட்டவர்கள், படித்து முடித்த மகளிடம் இந்த நோட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

நம் பகுதியில் தோல் தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கையாலும் கண்ணாலும் தரம் அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். தோலைத் தடவியே அது எந்தக் குணம் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து அந்த அறிவை வாங்க வேண்டும். தாங்கள் கற்ற எழுத்தையும் கணக்கையும் அதோடு சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவரை எந்தக் கம்பெனியும் பில் அடிக்கும் மேஜையில் நிறுத்தி வைக்காது.

ஆறு மாதப் பயிற்சியை முடித்த பிள்ளைகள் நோட்டோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். ஏற்றுமதித் துறையில் அனுபவமுள்ள சகோதரர்களிடம் அதைக் காட்டித் திருத்தித் தர ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.